பில் போடும் அம்மா கேட்ட தமிழ்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் கணினிகளைப் பராமரித்துவந்தேன். அங்கே பில் போடும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புரியாத ஆங்கிலச் சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். ஊழியர்களுக்கான இணையப் பாதுகாப்புப் பயிற்சியை நான் கணினியில் ஏற்றிய அன்று கேட்டார்: "இது தமிழ்ல வராதாப்பா? ஒண்ணும் புரியாம அமுக்கிக்கினு இருக்கேன்."

"வரும்மா. அப்புறம் மாத்தித் தரேன்," என்றேன். இரண்டு நிமிட வேலை. மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் திறந்த போலி மின்னஞ்சலால் கடைக் கணினிகள் எல்லாம் முடங்கின. பயிற்சியில் தேறியவர் என்று பதிவு இருந்ததால், எல்லாம் தெரிந்தும் அலட்சியமாக இருந்ததாகச் சொல்லி முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

கிளம்பும்போது என்னிடம் வந்தார். "அடுத்து வர பொண்ணுக்காவது தமிழ்ல வெச்சுக் குடுப்பா," என்றார். அன்றே மாற்றினேன். முதலாளியிடம் அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.