அக்கா சாப்பிட்ட கேசரி

காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படித்த அப்பா ஏன் சிமெண்டுக் கடை வேலைக்குப் போனார் என்று நீங்கள் ரெண்டு பேரும் பலதடவை கேட்டிருக்கிறீர்கள். கடைசி வருஷம் ரெண்டு பேப்பர் போச்சு, திரும்ப எழுதவில்லை என்பேன். அது நிஜம்தான். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அது உங்கள் அத்தையைப் பற்றியது.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் பாதி புரியாது. மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்துவைப்பேன். சனிக்கிழமை பஸ் ஏறி வாடிப்பட்டி வீட்டுக்கு வந்தால் அக்கா முதலில் கேட்பது, "இந்த வாரம் என்ன கதைடா நடத்துனாக?" எட்டாவதோடு நின்றவள். எனக்குப் புரிந்த அரைகுறையைச் சொல்வேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே கேட்பாள். "அந்தப் பொம்பள எதுக்கு லெட்டரைக் கிழிச்சா? கூறுகெட்டவ" என்பாள். அவள் கேட்டதற்குப் பதில் தேடித்தான் பல கதைகள் எனக்கே விளங்கின.

இரண்டாம் வருஷம், சொந்தமாக எழுதிப் பழக வாரம் ஒரு வகுப்பு வைத்தார்கள். வீட்டில் பார்த்த ஒன்றை இங்கிலீஷில் கதையாக எழுதி வரச் சொன்னார் புரொபசர்.

அதற்கு முந்தின மாசம்தான் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்கள் பஸ் ஏறும் முன்பே தரகர் திரும்பி வந்து, பெண் மாப்பிள்ளையைவிட நாலு விரற்கடை உயரமாம், வேண்டாமாம் என்று சொல்லிவிட்டார். அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அக்கா மிச்சமிருந்த கேசரியைச் சட்டியோடு மடியில் வைத்துத் தின்றாள்.

"பாவம்டா. என்னைய அண்ணாந்து பார்த்தே அந்தாளுக்குக் கழுத்து சுளுக்கிருக்கும். இந்தா, நீயும் ஒரு வாய் தின்னு."

இதை நான் எழுதவில்லை. பாடப் புத்தகக் கதைகளில் பெண்கள் ஜன்னலோரம் நின்று அழுதார்கள். எங்கள் வீட்டில் ஜன்னலே கிடையாது. ஒரு ஜன்னலை வைத்து, அக்காவை அங்கே நிறுத்தி, அழவிட்டேன்.

கதை காலேஜ் ஆண்டு மலரில் வந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"என்னடா எழுதிருக்க?"

"மழையப் பத்திக்கா."

வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியம். "இம்புட்டுப் பக்கமும் மழையா?" என்று சிரித்தாள். மலரை டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம்.

அடுத்த சம்பந்தம் ஆனையூரிலிருந்து வந்தது. மாப்பிள்ளை நல்ல உயரம். அவருடைய தாய்மாமன் ஹைஸ்கூல் வாத்தியார். காபி கொடுத்த கையோடு அக்காவே மலரை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். "தம்பி எழுதுனது. மழையப் பத்தி." நான் நிலைப்படியில் நின்றிருந்தேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். "மழை இல்லையேம்மா. பொண்ணு பார்க்க வந்தவங்க வேண்டாம்னுட்டுப் போறாங்க, அக்காக்காரி நின்னு அழுகுறா. அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பாடம் நடத்துகிற குரல்தான்.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "முன்னாடி ஒரு எடம் வந்து தட்டிப்போச்சா?"

நாங்கள் அதைச் சொல்லியிருக்கவில்லை. "அது சும்மா கதைங்க" என்றாள் அம்மா. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். எந்தச் சேதியும் வரவில்லை.

அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் எப்படா அழுதேன்?"

"கதைக்காகத்தான்க்கா..."

"கேசரி தின்னேன். நீயும்தான் தின்ன. அத எழுதிருந்தா அவுகளும் சிரிச்சிருப்பாக."

அடுத்த சனிக்கிழமை வந்தபோது அவள் கதை கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன். "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்று எழுந்து போய்விட்டாள். பிறகு வகுப்பில் உட்கார்ந்திருந்தேனே தவிர, எந்தக் கதையும் மனசில் ஒட்டவில்லை. பேப்பர் போனதற்கு அவள் காரணமில்லை, நான்தான்.

ரெண்டு வருஷம் கழித்து கோச்சடையில் கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறாள். நாம் அங்கே போகும்போதெல்லாம் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஸ்கூல்ல என்ன கதை நடத்துனாக?" என்று கேட்பாளே, அந்த நேரம் பார்த்து நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை.