பாகீரதிபாய் பார்த்த கால்கள்

எங்கள் கானகாபூரில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எந்த வீட்டுக் கதவையும் சாத்த மாட்டார்கள். அந்த நேரத்தில் குருநாதர் தத்தாத்ரேயர் பிச்சைக்காரனாக வருவார், எந்த உருவத்தில் என்று மட்டும் சொல்ல முடியாது என்பது ஊர் நம்பிக்கை. வேண்டுதலுக்கு வந்தவர்கள், சாமியார்கள், சோம்பேறிகள், ஏன், வக்கீல்கள்கூட காவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்து வீடு ஏறிப் பிச்சை வாங்கித்தான் சாப்பிடுவார்கள். அந்தப் பைகளைத் தைத்து விற்கிற மாணிகப்பா நான்தான். முப்பது வருடத் தையலில் ஒன்று தெரிந்துகொண்டேன். காவியைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டும். கோயிலுக்குள்ளும் நான் போனதில்லை.

ஆனால் சந்தேகத்தில் என் அடுத்த வீட்டு பாகீரதிபாயின் கால்தூசிக்குப் பெறமாட்டேன். பால்காரன் எதிரிலேயே பாலை விரலில் தொட்டு, சொட்டுகிறதா ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். பிச்சைக்கு வருகிறவனின் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைப் பார்ப்பாள்.

"எந்த ஊரு?"

"பண்டரிபுரம், தாயே. நடந்தே வர்றேன்."

"நடந்தா? குதிகால்ல ஒரு வெடிப்பைக் காணோமே! பஸ்ல ஜன்னல் சீட்டா கிடைச்சுது?"

இப்படி மானத்தை வாங்கிவிட்டு, சுடச்சுடச் சோள ரொட்டியும் கடலைச் சட்னிப்பொடியும் போடுவாள். "முகத்தை எவன் வேணாலும் மாத்திக்குவான் மாணிகா, காலை மாத்த முடியாது" என்பாள். பதினாறு வயதில் சோலாப்பூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். அன்றிலிருந்து ஒரு மத்தியானம்கூட அவள் வாசலில் பிச்சை கேட்டவனுக்கு 'இல்லை' என்ற சொல் கிடையாது. குழந்தை இல்லை. புருஷன் குண்டோபந்த் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மனசு. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே சந்தேகப்பட வேண்டியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஆற்றங்கரை விடுதியில் மகராஜ் என்று ஒரு சாமியார் வந்து இறங்கினார். ஊரே போய் விழுந்தது. குண்டோபந்த்துக்குச் சர்க்கரை வியாதி, காலையும் மாலையும் வயிற்றில் ஊசி போட்டாக வேண்டும். "குரு கிருபை இருக்கும்போது ஊசி எதுக்கு? அதை ஆத்துல போடு" என்று மகராஜ் சொல்ல, இந்த மனுஷன் நிறுத்தியே விட்டார். நல்லவேளை, மருந்தை ஆற்றில் போடச் சொல்லி இவளிடம் கொடுத்தார். அவள் அதை, சூட்டில் கெட்டுப்போகாமல், ஈரமண் போட்ட பானைக்குள் ஒளித்துவைத்தாள்.

"அந்த ஆளு காலைப் பார்த்தியா? வெண்ணெய்! அஞ்சு வீடு பிச்சைக்கு ஏறின காலா அது?" என்று என் கடையில் வந்து கொதித்தாள்.

ஒன்பது நாளில் குண்டோபந்த்தின் பாதத்தில் புண் வந்து கறுத்துவிட்டது. பாதி நேரம் மயக்கம்போலத் தூங்கினார். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று பஸ் நிலையத்து டாக்டர் சொல்லிவிட்டார். அவள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் மனுஷன் அசையவில்லை.

"உன் சந்தேகம்தான் கிருபையைத் தடுக்குதுன்னு மகராஜ் சொல்றார், பாகீரதி. நீ நம்பினா நான் பிழைச்சுப்பேன்."

அந்த மகராஜ் பாவி, எந்த இடத்தில் குத்தியிருக்கிறான் பாருங்கள்! மறுநாள் மத்தியானம் அவள் வாசலில் நின்று வந்தவனுக்கெல்லாம் ஒரு கேள்வி கேட்காமல் ரொட்டி போட்டாள். யார் காலையும் பார்க்கவில்லை. கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் தையலைப் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

"என்னக்கா, ஒண்ணும் கேட்காம கொடுக்கறீங்க?"

"ஒருவேளை நான்தான் அவருக்கு எமனோ என்னவோ, மாணிகா" என்றாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் வியாழக்கிழமை. கடையைப் பூட்டினேன். நானே தைத்த பையை மாட்டி, உடம்பெல்லாம் விபூதி பூசி, காவித் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக் கிளம்பினேன். முறை என்று ஒன்று இருக்கிறதே, நாலு வீடு ஏறிவிட்டு ஐந்தாவதாக அவள் வாசலில் நின்றேன். திறந்த கதவுக்கு நேரே கட்டிலில் குண்டோபந்த் கிடந்தார்.

ரொட்டியோடு அவள் வந்ததும் பையை இழுத்து மூடிக்கொண்டேன். குரலை மாற்றிக்கொண்டு சொன்னேன்: "நோயாளிக்கு மருந்து கொடுக்காத வீட்டுல நான் பிச்சை வாங்க மாட்டேன். முதல்ல அவனுக்குக் கொடு. இல்லேன்னா பட்டினியாத் திரும்பிப் போறேன்."

எங்கள் ஊரில் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் பிச்சை வேண்டாம் என்று திரும்பினால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேடு கிடையாது. குண்டோபந்த் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "போகாதீங்க சாமி, போகாதீங்க! அடியே, ஊசி ஏதாச்சும் மிச்சம் இருக்காடி?" என்று கத்தினார்.

அவள் உடனே போகவில்லை. தலையைக் குனிந்து என் காலையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி என் வலது கால் சுண்டுவிரல் போய்விட்டது. முகத்தை மூடியவன் காலை மறந்துவிட்டேன்! சரி, தொலைந்தோம், இப்போது துணியை உருவி மானத்தை வாங்கப் போகிறாள் என்று நின்றேன்.

அவள் பானையிலிருந்து மருந்தை எடுத்துவந்து புருஷனுக்கு ஊசி போட்டாள். பிறகு ரொட்டியை என் பையில் போட்டுவிட்டு, அப்படியே தரையில் விழுந்து என் காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள். ஓடிவந்துவிட்டேன்.

குண்டோபந்த் பிழைத்துக்கொண்டார். ஊசியை அப்புறம் ஒரு வேளைகூட விடவில்லை. மகராஜ் ஒரு விடியற்காலையில் சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனார். பாகீரதிபாய் மறுபடியும் கால் பார்க்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. தெரிந்து விழுந்தாளா, தெரியாமலா? ஆறு வருடம் கழித்து, போன வாரம், அடுப்படியில் அவள் ரொட்டி தட்டும்போது கேட்டேவிட்டேன்.

"நாலு விரல் காலு இந்த ஊர்ல எத்தனைடா இருக்கு?" என்றாள் திரும்பாமலே.

"தெரிஞ்சுமாக்கா விழுந்தீங்க? குருநாதர் இல்ல, நான். என்னை யாரும் அனுப்பல, நானாத்தான் வந்தேன்."

"முப்பது வருஷமா பக்கத்துல இருக்க. தாகம்னு வந்தவனுக்கு ஒரு செம்புத் தண்ணி கொடுத்திருக்கியா? அன்னைக்கு மட்டும் உனக்கு அந்த இரக்கம் எங்கிருந்துடா வந்துச்சு?"



வாசலில் யாரோ பிச்சைக்குக் குரல் கொடுத்தார்கள். "கை மாவா இருக்கு, நீ போய்ப் போடு" என்று ரொட்டியை நீட்டினாள். போனேன். தோளில் நான் தைத்த பை, வழவழவென்று கால், பஸ்ஸில் வந்த ஆள்தான், சந்தேகமே இல்லை. ரொட்டியைப் பையில் போட்டேன். உள்ளே அவள் பார்க்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து அந்தக் காலைத் தொட்டேன்.