சுடாத கால்

சாலைக் கடைத்தெருவில் கோமதிநாயகத்தின் பாத்திரக்கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் மனைவி பகவதியம்மாளின் கையைத் தெரியாதவர்கள் அவர்கள் சொந்தத்தில் கிடையாது. கொதிக்கிற குழம்புச் சட்டியை வெறுங்கையால் இறக்கி வைப்பாள். கல்யாண வீடுகளில் இட்லிக் கொப்பரையைத் திறக்க ஆள் தேடும்போது, "பகவதியக் கூப்பிடு, அவ கைக்கு நெருப்பும் சுடாது" என்பார்கள். கோமதிநாயகத்துக்கு அதில் ஒரே பெருமை. பாத்திரக்கடைக்காரன் பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்த வீட்டு அடுப்படிக்குப் பிடிதுணி என்று ஒன்று வந்ததே மருமகள் திவ்யலட்சுமி வந்த பிறகுதான்.

அதே கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தால் வாயில் வருவது ஒரே ஒரு திட்டுதான். "ஏட்டி, ஒனக்கு சூடு சொரணை உண்டா?" ரசத்தில் உப்பு கூடினாலும் அதுதான், சட்டைப் பொத்தான் அறுந்தாலும் அதுதான். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், சாப்பாடு ஆச்சா என்று விசாரிப்பது போலத்தான் பகவதியம்மாள் காதில் அது விழும்.

நடுவில் சர்க்கரை வியாதி வந்தது. வந்தவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். மாத்திரை ஒரு பக்கம், விசேஷ வீட்டுப் பாயசம் ஒரு பக்கம். ஒருநாள் காலையில் திவ்யலட்சுமி அவள் காலைப் பார்த்துவிட்டு, "அத்தே, இது என்ன?" என்றாள். சுண்டுவிரல் பக்கம் பெரிய கொப்புளம். சோறு வடிக்கும்போது கஞ்சி சிந்தியிருக்கிறது. எப்போது சிந்தியது என்று பகவதியம்மாளுக்கே தெரியவில்லை. புண் ஆறாமல் இழுத்தடித்துக் கடைசியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நரம்பு போன்ற ஒன்றால் உள்ளங்காலைத் தொடுவதாகவும், தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அவள் அவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்து அலுத்துக் கண்ணைத் திறந்தால், டாக்டர் முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு நெருப்பே சுடாது டாக்டரே" என்றார் கோமதிநாயகம். பழக்கதோஷம்.

சுடாமல் இல்லை, எல்லாருக்கும் சுடுவது போலத்தான் சுடுகிறது, இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். இன்னொரு புண் வந்தால் பாதம் நிற்காது என்றும் சொன்னார். இத்தனை வருஷம் புகழ்ந்தது கையையா, வியாதியையா என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சூடு யாருடைய அனுமதியும் கேட்பதில்லை. அதிகம் இருக்கிற இடத்திலிருந்து குறைவாக இருக்கிற இடத்துக்கு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வாளித் தண்ணீரிலிருந்து காலுக்குப் போகும். வெயில் காய்ந்த மொட்டைமாடியிலிருந்து உள்ளங்காலுக்கு ஏறும். வந்துவிட்டது என்று நமக்குச் சொல்ல இருக்கிற ஒரே ஆள் தோல். பகவதியம்மாளிடம் அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு குளிக்கிற தண்ணீரில் முதலில் வேறு யாராவது கை வைத்துப் பார்க்க வேண்டும் என்றாயிற்று. திவ்யலட்சுமி விரலை விட்டுவிட்டு, "கொதிக்குது அத்தே" என்பாள். கோமதிநாயகம் வந்து பார்த்து, "இதா? பச்சத்தண்ணியாக்கும் இது" என்பார். இரண்டு பேரும் வாதாடி முடிக்கிறவரை மாற்றுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு பகவதியம்மாள் குளியலறை வாசலில் நிற்பாள். தன் உடம்பைப் பற்றித் தனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய்க்கவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வரும்.

இந்த நிலைமையில்தான் ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்காலை வந்தது. அன்றைக்கு ஊர் முழுக்க அடுப்புதான். சாலைத் தெரு நெடுக, பூட்டிய கடைகளின் வாசலில் பெண்கள் மூன்று செங்கல் கூட்டி, மண்பானை ஏற்றி, அம்மைக்குப் பாயசம் பொங்குவார்கள். கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வரும். பொங்கி முடிந்தாலும், பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கிறவரை பானையை விட்டு யாரும் நகர மாட்டார்கள்.

இந்த வருஷம் வேண்டாம் என்றாள் திவ்யலட்சுமி. வேண்டவே வேண்டாம் என்றார் கோமதிநாயகம்.

"எல்லாரும் நோவு போகணும்னு அம்மைக்கிட்ட கேப்பாங்க" என்றாள் பகவதியம்மாள். "எனக்கு நோவு வரணும்னு கேக்கணும். இந்த ஒரு தடவை விடுங்க."

காலிலிருந்து செருப்பைக் கழற்றக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

கொடுத்த சத்தியம் தீ தெருமுனைக்கு வருகிறவரைதான் நின்றது. பெண்களின் குரவைச் சத்தம் நெருங்கியதும், சுற்றிலும் இருந்த வெறுங்கால்களைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிப் பின்னால் தள்ளிவிட்டாள். கடையோரம் மற்ற ஆண்களோடு நின்றிருந்த கோமதிநாயகம் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"செருப்பப் போடுட்டி."

"அம்மைக்கு முன்னாலயா?"

அம்மையோடு எப்படி வழக்காடுவது? தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை உருவி, வாளியில் முக்கி, மடித்து அவள் காலடியில் விரித்தார். தொட்டுப் பார்த்தார். குளுகுளுவென்று இருந்தது.

"நல்லா நனஞ்சிருக்கு. இனி சூடு ஏறாது. இதுலேருந்து கால எடுத்துராத, கேட்டியா?"

"எடுக்கல்ல" என்றாள். இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி.

ஈரத்துணியால் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிக்கக் கூடாது என்பது அடுப்படியில் நின்ற எல்லாருக்கும் தெரியும். காய்ந்த துணி சூட்டைக் கொஞ்சமாவது தடுத்து நிறுத்தும். நனைந்த துணி அதை அடுத்த நொடியே கையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒரு தடவை சுட்டுக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் பகவதியம்மாள் பிடிதுணியைத் தொட்டதே இல்லை. கோமதிநாயகம் தொட்ட பாத்திரமெல்லாம் அடுப்பில் ஏறாத புதுப் பாத்திரம். தெரிந்தவள் திவ்யலட்சுமி ஒருத்திதான். அவள் அடுத்த அடுப்பில் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பானை பொங்கியது. தோர்த்தின் ஓரம் செங்கல்லோடு ஒட்டிக் கிடந்தது. உட்கார்ந்த வாக்கில் பகவதியம்மாளின் கால் மெல்ல மெல்ல நகர்ந்து அந்த ஓரத்துக்குப் போய்ச் சாய்ந்துகொண்டது. அது அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா, சுள்ளென்று ஒரு எரிச்சல் கொடு, எனக்கு அது போதும். கண்ணைத் திறந்தபோது கீழேயிருந்து மெல்லிசாக ஆவி எழும்பியது. பாயசத்தின் ஆவி என்று நினைத்தாள். அம்மை கேட்டுவிட்டாள் என்று மனம் நிறைந்து கும்பிட்டாள்.

தீர்த்தம் தெளித்த பிறகு திவ்யலட்சுமி வந்து கைகொடுத்துத் தூக்கினாள். கால் எழும்பியது, தோலில் கொஞ்சம் தோர்த்திலேயே தங்கிவிட்டது. திவ்யலட்சுமியின் முகத்தைப் பார்த்துத்தான் தன் கால் வெந்துபோனது பகவதியம்மாளுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் நர்ஸ் சிஜி, "வேதனையுண்டோ அம்மே?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி பகவதியம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. புண் கறுத்து மேலே ஏறியது. கணுக்காலுக்குக் கீழே வைத்திருக்க வழியில்லை, நாளைக்கு எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோமதிநாயகம் ஸ்டூலை இழுத்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தார். "சொன்னபடி செருப்பப் போட்டிருக்கலாம்லா? ஒனக்கு சூடு சொ..." என்று வாயில் வந்ததை அப்படியே விழுங்கினார். காலில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே, "நாந்தானே நனச்சுப் போட்டேன்" என்றார். அதைத்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அவரைத் தேற்ற ஒரு வழியும் தெரியவில்லை.

"கால் தணுத்துச் சில்லுன்னு கெடக்கு. கொஞ்சம் பிடிச்சு விடட்டா?" என்றார்.

"பிடிச்சு விடுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கு இல்லாமல் போகிற கால். அந்தக் கைகளின் சூடு ஒரு இம்மியாவது ஏறி வருகிறதா என்று உடம்பு முழுக்கத் தேடினாள். வரவில்லை. ஆனாலும் அந்த மனிதருக்கு எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது.

"தெரியுதுங்க" என்றாள். "ஒங்க கைச்சூடு நல்லாத் தெரியுது. எடுக்காம அப்படியே வச்சிருங்க."

கண்ணைத் திறந்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.