லூர்துக்குப் போகும் வழியில்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், யாருடைய கல்யாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் அல்லாமல், சும்மா ஒரு விடுமுறைக்குப் போவதென்று வீட்டில் முடிவாயிற்று.
2. நாடு பிரான்ஸ். எனக்குக் கடல் வேண்டும், தம்பிக்கு மலை வேண்டும். இரண்டும் அங்கே இருந்தன.
3. அப்பா ஒரு பாதை சொன்னார்.
4. அது பிழையான பாதை என்று நான் நிறுவினேன்.
5. என் பாதை வென்றது.
6. அப்பா கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

முதல் ஐந்தும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆறாவதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. பிற்பாடு அம்மா சொல்லித்தான் சேர்த்துக்கொண்டேன்.

சும்மா ஒரு விடுமுறை என்பது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய சங்கதி என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பும் நாங்கள் பல நாடுகளுக்குப் போயிருந்தோம். ஜெர்மனி, லண்டன், டென்மார்க். ஆனால் அந்த நாடுகளில் எனக்குத் தெரிந்தது ஒரு மண்டபம், மண்டபத்தின் பின்பக்க வாகனத் தரிப்பிடம், யாரோ ஒரு மாமி வீட்டு வரவேற்பறையில் விரித்த மெத்தை ஆகியவை மட்டுமே. டென்மார்க்கில் கடல் பக்கத்தில்தான் இருந்தது என்று பிறகு பள்ளியில் படித்தேன். நாங்கள் போன அன்று மண்டபத்தில் ஜன்னல்களை மறைத்து அலங்காரம் கட்டியிருந்தார்கள். லண்டனுக்குக் கடலுக்கு அடியில் ரயில் சுரங்கத்தால் போனோம்.

ஆகவே நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவர்கள். தம்பிக்குக் கடலைப் பற்றிக் கவலை இல்லை. பனிமலைக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் கம்பிவண்டி ஒன்றில் ஏற வேண்டும், அவ்வளவுதான். சுவிசில் இருந்துகொண்டு மலை பார்க்க ஏன் பிரான்சுக்குப் போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டு சுவிஸ் அம்மா கேட்டபோது, என் அம்மா, இங்கே மலை எங்கேயும் ஓடிவிடாது, திரும்பி வந்தும் பார்க்கலாம் என்று பதில் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோழிக்கறிச் சோறு முடிந்து மேசை துடைத்த பிறகு, அப்பா பெற்றோல் நிலையத்தில் வாங்கிய வரைபடத்தை விரித்தார். எங்கள் ஊர் வின்டர்தூரில் இருந்து பாசல். பாசலில் இருந்து வோஜ் மலைகள், அங்கே சில நாட்கள். பிறகு நேரே மேற்காக ஓடி, பாரிசைத் தாண்டி, வடக்கே நோர்மாண்டிக் கடற்கரை. அப்பாவின் விரல் பாரிசின் மேல் வந்ததும் கொஞ்சம் வேகமாகப் போனது. இதை நான் அன்றே கண்டேன். வரைபடத்தில் அந்த இடத்தில் மடிப்பு இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

பாரிசில் பெரியப்பா இருந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். அப்பாவும் பெரியப்பாவும் கதைப்பதில்லை. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விடயம்; குளிர்காலத்தில் பனி பெய்யும் என்பதைப் போல. காரணமும் தெரியும். பெரியப்பாவின் மகள், என்னைவிட ஆறேழு வயது மூத்த அக்கா, வயதுக்கு வந்து பெரியபிள்ளை ஆனபோது பாரிசில் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்தார்கள். எங்களுக்கு அழைப்பிதழ் தபாலில் வந்தது. மற்ற நாடுகளில் இருந்த சொந்தக்காரருக்கெல்லாம் பெரியப்பா நேரில் போய்க் கொடுத்திருந்தார் என்று கேள்வி. கூடப்பிறந்தவனுக்குக் கார்டைத் தபாலில் அனுப்புவதா என்று அப்பா போகவில்லை. கூடப்பிறந்தவனுக்குக் கார்டே தேவையில்லை, அனுப்பியதே ஒரு மரியாதைக்கு என்று பெரியப்பா சொன்னதாக யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை. அப்பா மட்டும் பாரிஸ் காலநிலையைத் தொலைக்காட்சியில் தவறாமல் பார்ப்பார்.

அப்பாவின் பாதையைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாத உற்சாகம் வந்தது, ஏனென்றால் அது அவ்வளவு மோசமான பாதை. பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து பெரிய வரைபடம் ஒன்றை இரவல் வாங்கினேன். கணினியில் கடல் நீரின் வெப்பநிலையைத் தேடி எடுத்தேன். அடுத்த ஞாயிறு மேசை துடைத்ததும் எழுந்து நின்று விளக்கினேன். வோஜ் என்பது மலையே அல்ல. நோர்மாண்டிக் கடலில் ஆகஸ்ட் மாதத்திலும் பல் கிட்டும். அதற்குப் பதிலாக பேர்ன், ஜெனீவா வழியாக அன்னெசி. அங்கே உண்மையான ஆல்ப்ஸ், கம்பிவண்டி, ஏரி. அதன்பின் ஆற்றங்கரையோடு நேரே தெற்கே இறங்கினால் செத் என்ற ஊர், மத்தியதரைக் கடல், வெதுவெதுப்பான தண்ணீர். மலையும் கடலும் ஒரே கோட்டில்.

தம்பி மேசையில் ஏறிக் கைதட்டினான். அப்பா மட்டும் விடவில்லை. தெற்குக் கடலில் அலை இல்லை, அலை இல்லாதது என்ன கடல் என்றார். சொறிமுட்டை, அதாவது ஜெல்லிமீன், கடிக்கும் என்றார். கடைசியில், விடுமுறைக்கு நாங்கள் சொல்லும் ஜெர்மன் சொல்லைப் போட்டு:

"வெயில் காயவோ ஃபேரியனுக்குப் போறது? வெயில் நான் பிறந்த ஊரிலயே பாத்திட்டன்."

"பிள்ளையள் பாக்கேல்லையே," என்றார் அம்மா. "உங்கட வோஜ் மலையைப் பாத்தால் எங்கட வீட்டுக்குப் பின்னால கிடக்கிற மேடு மாதிரி இருக்கு. அதுக்கு ஏன் காரை எடுப்பான், நடந்து போகலாம்."

வாக்கெடுப்பு வைத்தோம். சுவிசில் வளரும் பிள்ளைகளுக்கு எதற்கும் வாக்கெடுப்புத்தான். அப்பாவுக்கு அப்பாவின் வாக்கு மட்டும் விழுந்தது. அவர் தன் வரைபடத்தை மடிப்பு மாறாமல் மடித்து, காரில் வைத்துவிட்டு வருகிறேன் என்று போனார். வர நேரமாயிற்று.

இப்போது சொல்ல எளிதாக இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கோபத்தில் இருக்கும் இருவரில், மற்றவர் வீட்டுப் படியை முதலில் ஏறுகிறவர் தோற்றவர். ஆனால் வேறெங்கோ போகிற வழியில் எட்டிப் பார்த்தால் அது போனதாகக் கணக்கில் வராது. யாரும் தோற்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தார்கள். அப்பாவுக்கு வேண்டியிருந்தது மலையும் அல்ல, கடலும் அல்ல. பாரிஸ் வழியில் இருக்கும்படியான ஒரு விடுமுறை. நான் பிரான்ஸ் முழுவதையும் அலசி, பாரிஸ் எந்த வகையிலும் வழியில் வராத ஒரே ஒரு திட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன்.

அடுத்தது வீடு. செத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைக் கணினியில் கண்டுபிடித்துவிட்டோம். வீட்டுக்காரர் தொலைபேசியில் மட்டுமே பேசுவார், அதுவும் பிரெஞ்சில் மட்டும். எங்கள் நால்வரில் பிரெஞ்சு படித்தவள் நான். ஒரு வருடம். என் பெயரையும், என்னிடம் ஒரு பூனை இல்லை என்பதையும் என்னால் சொல்ல முடியும். நான் எடுத்துப் பேச, அவர் பதிலுக்குச் சொன்னதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்கு அழுகை வந்தது.

அம்மா சூடான பெட்டியால் துணி மினுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், பாரிஸ் அக்காவிடம் கேள் என்றார்.

"அவையோட நாங்கள் கதைக்கிறேல்லையேம்மா."

"அப்பாவும் பெரியப்பாவும்தான் கதைக்கிறேல்லை. உனக்கும் அவளுக்கும் என்ன கோவம்? எடு."

அப்பா அப்போது வேலையில் இருந்தார். நான் பாரிசுக்கு எடுத்தேன். அக்கா எடுப்பாள் என்று நினைத்த இடத்தில் ஓர் ஆண் குரல் வந்தது.

"ஆர் கதைக்கிறது?"

"நான்... வின்டர்தூரில இருந்து."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

"சின்னவளோ? ஆருக்கும் ஏதும் வருத்தமோ?"

"இல்லைப் பெரியப்பா. நாங்கள் ஃபேரியனுக்கு வாறம். வீட்டுக்காரரோட பிரெஞ்சில கதைக்க அக்கா வேணும்."

வாறம் என்றதும் அவர் எங்கே என்று கேட்டார். உடனே கேட்டார், மூச்சு விடாமல். நான் மகிழ்ச்சியாக முழுப் பாதையையும் சொன்னேன். பேர்ன், ஜெனீவா, அன்னெசி, செத். பாரிஸ் பக்கம் வரவே தேவையில்லை, அதுதான் இந்தப் பாதையின் சிறப்பு என்றும் விளக்கினேன். பெரியப்பா கடைசி ஊரின் பெயரைத் திருப்பிக் கேட்டார். பிறகு, எந்த வாரம் செத்தில் நிற்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தக் கிழமைதான் நாங்களும் லூர்துக்குப் போறம்," என்றார். "செத் எங்களுக்கு வழிதான்."

லூர்து பிரான்சின் மறு மூலையில், ஸ்பெயின் எல்லை மலையடிவாரத்தில் இருக்கும் மாதா கோயில். பெரியப்பா வீட்டாரும் எங்களைப் போலச் சைவ சமயம்தான். ஆனால் லூர்து மாதாவிடம் ஒருமுறையாவது போகாத சைவக் குடும்பத்தை ஐரோப்பாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என் முன்னால் விரிந்திருந்த வரைபடத்தில்தான் பிரச்சினை. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன்.

"இல்லைப் பெரியப்பா, அது வழியில இல்லை. நீங்கள் கிழக்கால இறங்கி, பிறகு கனதூரம் மேற்கால போகவேணும்."

"பிள்ளை, நான் இந்த நாட்டில கன வருசமாக் கார் ஓடுறன். வழிதான்."

"நான் படம் பாத்துத்தான் சொல்லுறன்."

"படம் பழசாக்கும்," என்றார் பெரியப்பா, மிகவும் மென்மையாக. பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

அம்மா மினுக்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்ததால் அதை விசாரிக்க நேரமில்லை.

அப்பா வேலையால் வந்ததும் சப்பாத்துக் கழற்ற விடாமல் சொன்னேன். வீடு கிடைத்துவிட்டது. அக்கா பேசினாள். இன்னொன்று: பெரியப்பாவுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது.

அப்பா ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்தார். "என்னண்டு சொன்னவர்?"

சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்பா எழுந்து, ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் காலுறையுமாக மேசைக்கு வந்து, என் வரைபடத்தில் பாரிசில் விரலை வைத்தார். அங்கிருந்து லியோன், அங்கிருந்து செத், பிறகு மேற்கே லூர்து. விரல் இந்த முறை மெதுவாகப் போனது.

"அப்பிடியும் போகலாம்," என்றார்.

"போகலாம், ஆனால் ஏன்—"

"போகலாம்."

அன்றைக்குப் பிறகு அந்த விடுமுறை என் கையில் இல்லை. அதை முழுவதுமாக அப்பா எடுத்துக்கொண்டார். சொறிமுட்டைக்கு வினாகிரி வாங்கினார். செத்தில் மீன் சந்தை எத்தனை மணிக்குத் திறக்கும், கணவாய் கிடைக்குமா, இறால் கிடைக்குமா என்று அக்காவைக் கேட்கச் சொன்னார். அக்கா கேட்டுச் சொன்னாள்; நடுவில் யாரோ சத்தமாக, நண்டும் கிடைக்கும் என்று சொல்லு என்றது எனக்குக் கேட்டது. பிறகு ஒருநாள் அப்பா வீட்டை மாற்றச் சொன்னார். அதே தெருவில் இன்னும் பெரிய வீடு ஒன்று இருந்தது.

"நாங்கள் நாலு பேர்தானேப்பா?"

"சாமான் வைக்க இடம் வேணும்."

எங்களிடம் அவ்வளவு சாமான் இல்லை. ஆனால் அப்பா பெரிய ரைஸ் குக்கரைக் காரில் ஏற்றியதைப் பார்த்தபோது, சாமான் கூடித்தான் போயிற்று என்று ஒத்துக்கொண்டேன்.

அன்னெசியில் தம்பி கம்பிவண்டியில் ஏறினான். உச்சியில் இறங்க மறுத்து, வண்டி நடத்துனரிடம் சுவிஸ் ஜெர்மனில் வாதாடினான். நாங்கள் எல்லோரும் ஏரியில் கால் நனைத்தோம். அப்பா மட்டும் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் ஒரு நாள் குறைத்துக்கொள்ளலாமோ என்று கேட்டார். தம்பி மாட்டேன் என்றான்.

பிறகு கடல். ஒரு வளைவில் கார் திரும்ப, வீடுகளுக்கு இடையில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. நான் அதை வானம் என்றே நினைத்தேன். அம்மா, "அங்க பார்," என்றார். அதன்பிறகு வந்த கொஞ்ச நேரத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. சட்டையோடு இறங்கினேன். நிறையத் தண்ணீர் குடித்தேன். உப்பு என்று முன்பே தெரியும், இவ்வளவு என்று தெரியாது. அலை இருந்தது, சிறியது, ஆனால் என்னை விழுத்தப் போதுமானது. கரையில் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, யாருக்கும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் பாரிஸ் இலக்கத் தகட்டோடு ஒரு வான் எங்கள் தெருவில் வந்து நின்றது. முதலில் அக்கா இறங்கினாள், பிறகு பெரியம்மா, பிறகு இரண்டு பெரிய பானைகள். கடைசியாகப் பெரியப்பா. அவர் வாசலுக்கு வெளியே நின்றார். அப்பா வாசலுக்கு உள்ளே நின்றார். இருவரும் ஒரே மாதிரி வழுக்கை விழுந்திருந்தார்கள். அதை அவர்களும் அப்போதுதான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

"லூர்துக்குப் போற வழியில," என்றார் பெரியப்பா. "அதுதான், ஒருக்கா..."

"ஓமண்ணை," என்றார் அப்பா. "வழிதானே."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு முறுக்கை என் வாய்க்குள் வைத்தார். அதைக் கடித்து விழுங்கி முடிப்பதற்குள் பெரியப்பா உள்ளே வந்துவிட்டார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். சீனி எவ்வளவு என்று கேட்கவில்லை.

அவர்கள் அந்தக் கிழமை முழுவதும் எங்களோடு நின்றார்கள். லூர்துக்கு எப்போது போகிறீர்கள் என்று நான் தினமும் காலையில் கேட்டேன். பெரியம்மா, மாதா எங்கேயும் போகமாட்டா என்றார். கடைசியில் வான் வந்த வழியாலேயே பாரிசுக்குத் திரும்பிப் போயிற்று. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வரைபடம் வாசிக்கத் தெரியாது, அது பரம்பரையில் வருவது, நல்லவேளையாக என்னோடு நின்றுவிட்டது என்று நான் பல வருடங்கள் உண்மையாகவே நம்பியிருந்தேன்.

இந்தக் கோடையில் இரண்டு குடும்பமும், அக்காவின் கணவரும் பிள்ளைகளும் உட்பட, மறுபடியும் பிரான்சுக்குப் போகிறோம். பெரியப்பா இப்போது நீண்ட தூரம் கார் ஓடுவதில்லை. அப்பா பாரிசுக்கு ரயிலில் போய் அவரைக் கூட்டிவருவார். கடற்கரை வீடு பிடித்தாகிவிட்டது. எந்த மலை என்பது இன்னும் முடிவாகவில்லை.