நடு ஹாலில் ஒரு பீரோ

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு காரியம் செய்துவிட்டன. குழம்புக்கு ஒரு சிட்டிகை உப்பு எடுப்பது போலத்தான் எடுத்தேன். அது இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது?

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ப்ளாட்டுக்கு எதிர் ப்ளாட்டில் கவிதா இருக்கிறாள். மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. ஸ்கூல் விட்டதும் அவளுடைய பெண்கள் இரண்டும் என் வீட்டுக்கு வந்துவிடும். பெரியவள் யாழினி, ஆறாவது படிக்கிறாள். சின்னவள் மகிழ், ஒன்றாவது. ஏழு மணிவாக்கில் கவிதா வந்து அழைத்துக்கொண்டு போவாள். நான் அதிகம் பேசமாட்டேன் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அது வசதி. என்னைச் சுவர் மாதிரி நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசும்.

பிள்ளைகளின் அப்பா இப்போது இவர்களோடு இல்லை. துவாக்குடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டார். ஏன், எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் கவிதா அழுதுவிடுவாளோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவாள். அவர் துவாக்குடியிலிருந்து வந்து நிற்பார். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு, இவள் எதிரே ஒரு கடை ஓரமாய்ப் போய் நின்றுகொள்வாள். டிபன், ஐஸ்கிரீம், கொஞ்ச நேரப் பேச்சு... அவ்வளவுதான். திரும்பிவிடுவார்கள்.

அதற்கும் ஒரு கண்டிஷன் உண்டு. ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "வீட்டுக்குள்ள அப்பா அப்பான்னு பேச்செடுத்தீங்கன்னா, ஞாயித்துக்கெழம சத்திரமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சொல்லிட்டேன்."

பிள்ளைகள் பேச்சை எடுப்பதில்லை. படம் வரைவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே!

யாழினி ஸ்கூலில் படம் வரைகிற போட்டி. ‘மழை நாளில் எங்கள் வீட்டு ஹால்’ என்று தலைப்பு. டேப்லெட்டில் வரைந்து திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். பெங்களூர் மாமா கொடுத்த பழைய டேப்லெட் ஒன்று இருக்கிறது, மூலையில் கொஞ்சம் கீறல். அதில் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வரைவதைப் பார்க்க வேண்டுமே... ஜன்னலில் மழை ஒழுகுகிறது. தரையில் பாய், பாயில் திண்டு, போர்வை. ஆவி பறக்கிற டம்ளர். மூலையில் மஞ்சள் விளக்கு.

"உங்க வீட்டுல டியூப்லைட்டுல்ல எரியுது?" என்றேன்.

"டியூப்லைட் போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் பாட்டி."

"பூனை ஏது?"

"மழைக்கு உள்ள வந்திருக்கு," என்றாள் மகிழ். "நான்தான் வரச் சொன்னேன்."

இருக்கிற வீட்டை யார்தான் வரைகிறார்கள்? நானே ஒரு படம் போடு என்று சொன்னால் ஒழுகாத குழாயாகத்தான் போடுவேன்.

அந்த டேப்லெட்டில் ஒரு வித்தை. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் வரையலாம். கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாய்க் கிடக்கும். லேயர் என்கிறார்கள். சுவர் ஒரு தாள், விளக்கு ஒரு தாள், பூனை ஒரு தாள். ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தத் தாள் மட்டும் மறைந்துபோகும். மறுபடி தொட்டால் வந்துவிடும்.

மகிழ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, அப்பாவக் காட்டு," என்றாள்.

யாழினி ஒரு கட்டத்தைத் தொட்டாள். ஹால் நடுவில் பிளாஸ்டிக் சேரில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார்! கைலி, பனியன், ஒரு காலை மடக்கிச் சேர் மேலேயே வைத்துக்கொண்டு, இடது கையில் டம்ளர். அவரேதான்.

"அம்மா வந்தா மறைச்சிருவோம்," என்றாள் மகிழ். "போட்டிக்கு அனுப்பும்போதும் மறைச்சிருவோம். நாங்க பாக்கறதுக்கு மட்டும்தான்."

"விளக்கு அவர் தலையில இடிக்குதே," என்றேன்.

"நீங்களே நகத்துங்க பாட்டி. ஒண்ணும் ஆகாது."

எனக்கு ஆசை வந்துவிட்டது. ஓரத்துக் கட்டங்களில் விளக்கு இருந்தது. அதை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தேன். அடுத்த நிமிஷம் எல்லாக் கட்டமும் நெருங்கி வந்து ஒரே கட்டமாய் நின்றது.

"ஐயையோ பாட்டி! ஒட்டிக்கிச்சு!" என்று யாழினி பதறினாள். "இருங்க, இருங்க... ரெண்டு விரலால தட்டினா பழையபடி வந்துரும்—"

அதற்குள் மாடிப்படியில் கவிதாவின் செருப்புச் சத்தம். அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டாள். யாழினி பயத்தில் படத்தையே மூடிவிட்டாள்.

"மூடிட்டா பழையபடி வராதுன்னு நீதானக்கா சொன்ன?" என்றாள் மகிழ் மெதுவாக.

கவிதா உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் நின்றாள். "படம் முடிஞ்சிச்சா? காட்டு பாப்போம்."

"இன்னும் இல்லம்மா."

"பரவால்ல, காட்டுடி. எம்பொண்ணு வரையிறான்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

காட்டினாள். வேறு வழி?

கவிதா பார்த்தாள். ஹால் நடுவில் சேர், சேரில் அவர். "என் கைதான் கவிதா பட்டுது..." என்று ஆரம்பித்தேன். எனக்கே கேட்கவில்லை.

"நீங்க இருங்கம்மா," என்றாள். பிறகு யாழினியிடம், "அழிக்கிறது எது?"

யாழினி விரலால் காட்டினாள். கவிதா பேனாவை வாங்கி அவர் தோளில் வைத்துத் தேய்த்தாள். தோள் போயிற்று. அந்த இடத்தில் வெறும் வெள்ளை. விளக்கு வெளிச்சம் விழுந்த மஞ்சள் சுவரில் ஒரு ஓட்டை விழுந்த மாதிரி.

"அடியில ஒண்ணுமே இல்லியா?"

"எல்லாம் ஒரே தாளாயிடுச்சும்மா. அப்பாவ அழிச்சா செவுரும் சேந்து போயிரும்."

பேனா நின்றுவிட்டது.

மகிழுக்குப் பொறுக்கவில்லை. "ஞாயித்துக்கெழம போவோமாம்மா?"

கவிதா பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த எடத்துல எதையாவது வரஞ்சு மூடு," என்றாள்.

"என்னம்மா வரையிறது?"

"பீரோ வரை." சொல்லிவிட்டு சாவியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

யாழினி பச்சை பீரோ வரைந்தாள். கைப்பிடி, கண்ணாடி எல்லாம் வைத்து. அவர் முழுதாக மறைகிற அளவுக்குப் பெரிய பீரோ. ஓரத்தைப் பார்த்தேன். பீரோவைத் தனித் தாளில் வரைந்திருந்தாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு உதட்டில் விரல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவு தட்டுகிற சத்தம். "போயிட்டு வரோம் பாட்டி!" மகிழ் புது கவுன். பின்னால் கவிதா, தலைகூட வாரி முடிக்காமல். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பயமுறுத்துகிறவர்கள் எல்லாம் செய்துவிடுகிறார்களா என்ன?

மதியம் திரும்பினார்கள். மகிழ் கவுனில் ஐஸ்கிரீம் கறை இல்லை.

"அப்பா வரல பாட்டி. துவாக்குடி பஸ் எல்லாத்தயும் பாத்தோம். போனும் எடுக்கல."

"அம்மா என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அந்தக் கடைக்குப் போகல. எங்ககூடயே நின்னாங்க."

திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

சாயங்காலம் டேப்லெட்டோடு வந்தார்கள். மகிழ் அக்காவின் முழங்கையைப் பிடித்து ஆட்டினாள். "பீரோவ எடுக்கா. அப்பாவப் பாக்கணும்."

யாழினி அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, நான் செய்தேனே அதே மாதிரி, ஒரு கிள்ளு. பீரோவும் வீடும் ஒட்டிக்கொண்டன. படத்தை மூடினாள்.

"இனிமே எடுக்க வராது," என்றாள். மகிழ் அழுதாள். என் மடியில் அழுதாள், எனக்குத் தட்டிக்கொடுக்கத்தான் தெரிந்தது. அவள் அக்கா அழவில்லை.

திங்கட்கிழமை படம் போயிற்று. பரிசு எதுவும் வரவில்லை. டீச்சர் கூப்பிட்டு, "ஹால் ரொம்ப அழகா இருக்கு, பூனைகூட நல்லா இருக்கு... நடுவுல எதுக்குடா இவ்வளவு பெரிய பீரோ?" என்று கேட்டாராம்.

யாழினி சொல்லியிருக்கிறாள்: "அம்மா வைக்கச் சொன்னாங்க மிஸ். உள்ள சாமான் இருக்கு."