மெரூன் கோட்

தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், துணி காயும் கம்பியில், அந்தக் கோட் மட்டும் உள்பக்கம் வெளியே தெரியும்படி தொங்கும். வெயில் பட்டுச் சாயம் போய்விடக் கூடாதென்று அக்கா அப்படித்தான் காயவைப்பாள். செனாவாங் தொழிற்சாலையில் அப்போது என்னைப் போன்ற ஆப்பரேட்டர்களுக்கு நீலக் கோட். லைன் லீடருக்கு மட்டும் மெரூன். ஏழு வருடம் நீலத்தில் நின்று அக்கா அதை வாங்கியிருந்தாள்.

போன வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், சீனப் பெரியவர் ஒருவர் கருமணலில் வறுத்துக்கொண்டிருந்த கஷ்கொட்டை வாங்கினேன். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கொட்டைக்கு வைத்த பெயரிலிருந்துதான் மெரூன் வந்தது என்றாள் என் மகள். ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழுப்பு. எங்கள் தோட்டத்தில் யாரும் இதைத் தின்றதில்லை. ஆனாலும் அந்தச் சொல் எங்கிருந்தோ கப்பலேறி வந்து, எங்களைப் போலவே, வந்த இடத்தில் வேர் பிடித்துவிட்டிருந்தது. வேனில் சேலை விற்க வருபவருக்கு அழுக்குத் தெரியாத சிவப்பெல்லாம் மெரூன். அம்மாவுக்கு அது மங்குஸ்தீன் பழத் தோல். அக்காவுக்கு? “அது கலரு இல்லடி. அந்தக் கோட்டப் போட்டா, டாய்லெட்டுக்குப் போக யார்கிட்டயும் கை தூக்கிக் கேக்க வேணாம்.”

அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் பஸ்ஸில் ஏறியபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “யாரு லா இது, மங்குஸ்தீன உரிச்சுப் போர்த்திக்கிட்டு?” அக்கா திரும்பாமலே சொன்னாள்: “தள்ளி உக்காரு. கறை பட்டா போகாது.” பஸ்ஸே சிரித்தது.

பதினோரு நாள்தான் அதைப் போட்டாள். கெமாஸிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயிலில் வேலை. பெண் வேலையை விட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்றார்கள். அப்பா தலையாட்டிவிட்டார். இரண்டு நாள் பாயிலேயே கிடந்த அக்காவின் தலையைத் தடவி, “மெரூன்தானே உனக்கு? கல்யாணக் கூரைச் சேலையையே மெரூனா எடுத்துடலாம்டி” என்றாள் அம்மா. அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை.

அக்கா கோட்டைத் துவைத்து, தேய்த்து, நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள். தொழிற்சாலை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தவள் நான்தான். வாங்கியவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டிக்குள் போட்டார்.

நான் இன்னும் அதே தொழிற்சாலையில்தான். அக்கா கெமாஸில் பேரன் எடுத்துவிட்டாள். நேற்று போன் போட்டுக் கஷ்கொட்டைக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“ஏன்டி, லீடருங்களுக்கு இப்பவும் அதே கோட்டுதானா?”

முதலாளி மாறி எவ்வளவோ காலமாகிறது. இப்போது எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறம்.

“அதேதான் க்கா.”

“காயப்போடறப்ப உள்பக்கத்த வெளிய திருப்பிப் போடச் சொல்லு லா,” என்றாள். “சாயம் போயிடும்.”