பஸ் திரும்புகிற இடம்

கொரோனாவில் எங்கள் ஊர் நாலைந்து பெரியவர்களை இழந்தது. கூடவே டவுன் பஸ்ஸையும் இழந்தது. பெரியவர்களுக்குக் கருமாதி செய்து ஊருக்கே சோறு போட்டார்கள். பஸ் போனதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் உண்டு. கோயமுத்தூரிலிருந்து வருகிற மெயின் ரோட்டில், காரமடைக்கு முன்னாலேயே பிரிந்து உள்ளே போனால் எங்கள் ஊர். தோட்டம் துரவு வைத்திருக்கிற எங்கள் ஆட்களில் பாதி வீட்டில் கார் நிற்கிறது. மீதி வீட்டில் ஆளுக்கொரு டூவீலர். பஸ் ஏறுகிற ஆள் என்று தேடினால் நான், எதிர்வீட்டு அம்மா, மருந்து வாங்க ஆஸ்பத்திரி போகிற ரெண்டு கிழவிகள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் இறந்தபிறகு நான் பிறந்த ஊருக்கே வந்துவிட்டவள். அண்ணன் வீடும் என் வீடும் ஒரே வாசலுக்குள் இருக்கின்றன. கணபதியில் பம்ப்செட் பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் பில் போடுகிறேன். ஸ்கூட்டி பழகப் போய் ஒருதரம் வாய்க்காலில் விழுந்தேன், அதோடு அந்த ஆசை விட்டது.

பஸ் நின்றதில் நிஜமாகவே அடிபட்டது காலனிதான். ஊரைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, இரண்டு பக்கமும் வாழையும் தென்னையுமாக ஒரு ரோடு போகும். அதன் கடைசியில் காலனி, ஒரு சின்ன சர்ச், அதற்கு முன்னால் ஒரு பொட்டல். அங்கே வேலைக்குப் போகாத வீடு கிடையாது, கார் நிற்கிற வீடும் கிடையாது. நடந்தே மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடிப்பார்கள்.

அப்படி நடந்தவர்களில் ஒருத்தியோடுதான் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. துடியலூரில் ஒரு பேக்கரிக்கு ரொட்டி பாக்கெட் போடுகிற வேலை அவளுக்கு. ராத்திரி எட்டு மணி வாக்கில் இரண்டு பேரும் மெயின் ரோட்டில் இறங்குவோம். செல்போன் வெளிச்சத்தில் பேசிக்கொண்டே நடப்போம். அவளுக்கு நான் அக்கா. ஊர் எல்லையில் முதல் வீடு வந்ததும் அக்கா அம்மா ஆகிவிடும், குரலும் இறங்கிவிடும். "அக்கான்னே கூப்பிடு கண்ணு, என்ன ஆயிரப் போகுது" என்றேன் ஒருநாள். "இங்க வேண்டாமுங்க" என்றாள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

பஸ்ஸுக்கு மனு கொடுக்கலாம் என்று ஆரம்பித்தது நாங்கள் இருவரும்தான். அவளுடைய பெண் அந்த வருடம் ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, சரவணம்பட்டியில் ஒரு காலேஜில் பி.காம் சீட் வாங்கியிருந்தாள். பெண்ணின் அப்பா பெயிண்ட் அடிக்கிறவர். குடிப்பவர் இல்லை, கோபக்காரரும் இல்லை. ஆனால் ஒரே ஒரு பேச்சுப் பேசினார். புள்ளை காலேஜ் முடிந்து வரும்போது பொழுது சாய்ந்துவிடும். அந்தத் தோப்பு ரோட்டில் தனியாக நடந்து வருவதாக இருந்தால் படிப்பு வேண்டாம். பஸ் வந்தால் போகட்டும். காலேஜ் திறந்து முதல் சில மாதம் அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பெண்ணைக் கூட்டிப்போனார். அப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். லீவு போட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றோம். டெப்போவுக்கும் போனோம். எங்கே போனாலும் உட்காரச் சொன்னார்கள், ஒரு இடத்தில் டீகூட வந்தது. பார்க்கிறோம் என்றார்கள். பொம்பளைகள் இரண்டு பேர் வந்து கேட்டால் எந்த அதிகாரி வேலை செய்வான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் பேச்சுக்கு எங்கள் பக்கம் மதிப்பு உண்டு. ஒரு காலத்தில் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். வெள்ளை வேட்டியோடு கார் எடுத்துக்கொண்டு வந்தார். அவளும் அதே காரில் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். "ஏனுங் சார், பொம்பளப் புள்ளைங்க இருட்டுல நடக்கறாங்க. பாவமுங்க" என்று அண்ணன் அதிகாரியிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் அண்ணனா என்று பெருமைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பஸ் வந்தது. வாழைமரம் கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வரவேற்றோம். முன்பு வந்துகொண்டிருந்த சின்ன பஸ் எங்கள் கோயில் முன்னாலேயே திரும்பிவிடும், இந்தப் பெரிய பஸ்ஸைத் திருப்ப அங்கே இடம் போதாது. அதனால் காலனி வரைக்கும் போய், சர்ச் பொட்டலில் திருப்பிக்கொண்டு வருவது என்று டெப்போவிலேயே முடிவு செய்திருந்தார்கள். காலனியில் ஒரு பெரியவர் பஸ்ஸின் முன்னால் நின்று ஜெபம் செய்தாராம். அவள் சொல்லும்போது முகம் பூராவும் சிரிப்பு.

மறுநாள் காலையில்தான் விஷயம் புரிந்தது. பஸ் காலனியிலிருந்து புறப்பட்டு வந்தது. கோயிலுக்கு வரும்போதே சீட்டெல்லாம் நிரம்பியிருந்தது. எதிர்வீட்டு அம்மாவும் நானும் ஏறினோம். அவளுடைய பெண் சட்டென்று எழுந்து, "உக்காருங்கம்மா" என்று எதிர்வீட்டு அம்மாவுக்கு இடம் விட்டாள். "நீ உக்காரு அம்மணி, நான் நின்னுக்கறேன்" என்று அந்த அம்மா தேன் ஒழுகச் சொன்னார். பெண்ணுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நான் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். மெயின் ரோடு வரைக்கும் அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தோள்கூடப் பக்கத்து ஆள்மேல் படாமல் நின்றுகொண்டு வந்தார். முழங்கால் வலி என்று தினமும் புலம்புகிறவர்.

அந்த வாரமே எங்கள் வாசலில் பிளாஸ்டிக் சேர்கள் போடப்பட்டன. ஆம்பளைகள் பதினைந்து இருபது பேர் வந்தார்கள். அண்ணி காப்பி கொடுத்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவங்களுக்கும் பஸ்ஸு வேணுமுங்க, அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா பஸ்ஸு நம்ம ஊர் பேர்ல வருது. அங்கிருந்து பொறப்பட்டு வந்தா நம்மூட்டுப் பொம்பளைங்க நின்னுக்கிட்டுத்தான போகோணும்? அது நல்லா இருக்குதுங்களா?"

நான் கதவு ஓரத்திலிருந்து கேட்டேன். "எந்தப் பொம்பளைங்கண்ணா? அண்ணி கடைசியா எப்பங்க பஸ்ஸு ஏறுனாங்க?"

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "அதுக்கில்லீங் அம்மணி. ஒரு மொறைன்னு இருக்குதல்லங்க."

அவ்வளவுதான் கூட்டம். யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. காலனிக்காரர்களைப் பேசும்போதுகூட அவங்க, இவங்க என்றுதான் பேசினார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் போல மரியாதையான மனிதர்களைப் பார்த்ததில்லை என்று வெளியூர்க்காரர்கள் யாராவது மெச்சினால், எனக்கு அந்தப் பிளாஸ்டிக் சேர்கள்தான் ஞாபகம் வரும்.

அடுத்த மனு தயாரானது. காலனி ரோடு குறுகலாக இருக்கிறது, தென்னை மட்டைகள் தாழ்ந்திருக்கின்றன, கரண்ட் கம்பி தொங்குகிறது, பெரிய வண்டி போனால் ஆபத்து, ஆகவே பஸ்ஸைக் கோயிலோடு திருப்ப வேண்டும். முழுக்க முழுக்க மக்கள் பாதுகாப்புக்காக. அண்ணன் அதை என்னிடம் நீட்டினார்.

"நீதான அம்மணி இத ஆரம்பிச்சவ. உன்ற கையெழுத்து மொதல்ல இருந்தாத்தான் நம்புவாங்க."

"அந்தப் புள்ள படிப்பு போயிருமுங்கண்ணா."

"அதுக்கு நாம என்ன பண்ணறது?"

"நான் போட மாட்டேனுங்க."

அண்ணன் நீட்டிய தாளை மடித்துக்கொண்டார். "அப்ப நீ எந்த ஊரு?" என்றார். அதன்பிறகு ஒரே வாசலில் அவர் ஒரு ஓரமாகவும் நான் ஒரு ஓரமாகவும் நடக்கிறோம். அண்ணி மட்டும், அண்ணன் இல்லாத நேரம் பார்த்துக் குழம்பு கொடுத்துவிடுவார்.

நான் போடாவிட்டால் என்ன, ஊரே போட்டது. டெப்போவுக்குத் தனியாகப் போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்த அதிகாரி நல்ல மனிதர்போலத்தான் பேசினார். "உங்க ஊர்க்காரங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்களே மேடம். உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க." காலனிக்காரர்களும் தனியாக ஒரு மனு கொடுத்தார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

கோயில் முன்னால் பஸ் திரும்ப இடம் கிடையாது என்றேன் அல்லவா? அதற்கு வழி செய்தவர் எங்கள் அண்ணன். கோயிலை ஒட்டிய தன் தோட்டத்தின் மூலையில் வேலியைப் பிரித்து, இரண்டு தென்னையை வெட்டி, மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தி இடம் கொடுத்தார். இதே அண்ணன்தான் ஒரு சாண் வரப்புக்காகப் பங்காளியோடு கோர்ட்டு வாசல் ஏறி இறங்கியவர். ஊருக்காக நிலம் விட்டார் என்று கோயில் பொங்கல் அன்று அவருக்குச் சால்வை போட்டார்கள். நான் போகவில்லை.

பஸ் கோயிலோடு திரும்பத் தொடங்கியது. அவள் பெண் அங்கே இறங்கி மீதி ரோட்டை நடக்க வேண்டும். தோப்புக்கு நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் அதன்மேல் எங்கள் வீட்டுப் பையன்கள்தான் பைக்கை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் பாட்டுப் பாடினார்கள். அப்புறம் ஒருநாள் பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, போன் நம்பர் சொன்னால்தான் வழி என்றார்கள். அந்தப் பெண் வாழைக்குள் இறங்கி ஓடியிருக்கிறாள். முழங்கை தோலெல்லாம் உரிந்துபோயிருந்தது.

அதற்கப்புறம் சில நாள் மெயின் ரோட்டிலேயே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அம்மா வரும்வரை காத்திருந்தாள். குடித்துவிட்டு வருகிறவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா போதும் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி நானும் பெண்ணின் அம்மாவும் நடந்துதான் வந்துகொண்டிருந்தோம், சாயங்கால பஸ் எங்கள் நேரத்துக்கு முன்னாலேயே போய்விடும். அவள் அழவில்லை. கால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"என்ற ஊட்டுச் சாவியத் தர்றேன் கண்ணு. பஸ்ஸு எறங்குனா நாலு எட்டுதான். நீ வர்ற வரைக்கும் புள்ள அங்க உக்காந்து படிக்கட்டும். நீ வந்து கூட்டிட்டுப் போ."

அவள் நின்றுவிட்டாள். செல்போன் வெளிச்சம் தரையில் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"உங்க மனசு எனக்குத் தெரியுமுங்க்கா," என்றாள். "ஆனா புள்ளைய எங்கீங்க உக்கார வெப்பீங்க? உள்ளீங்களா, வாசல்லீங்களா?"

உள்ளேதான், எனக்கென்ன பயம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாசலைத் தாண்டித்தான் அந்தப் பெண் என் கதவுக்கு வர வேண்டும். வாசலில் சேர் போட்டு அண்ணன் உட்கார்ந்திருப்பார். பாலத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் அவர் பேரனும் ஒருவன். நான் வேலையில் இருப்பேன். அவளுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் வீட்டு விளக்கு தெரிந்தது. "வாரேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

பெண் காலேஜை விட்டுவிட்டாள். டவுன் பஸ் காலையிலும் சாயங்காலமும் வருகிறது, நாங்கள் மூன்று பேர் நாலு பேர் ஏறுகிறோம், சீட்டுக்குப் பஞ்சமே இல்லை. கோயில் வரைக்கும் நடந்து வந்து ஏறுகிற காலனிக்காரர்கள் எங்களுக்குப் பிறகு ஏறி, பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். நானும் அதில்தான் போகிறேன், வேறு வழியில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் கோயில் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்னூர்ப் பக்கம் இருக்கிற ஒரு மில்லின் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஆள் எடுக்க வருகிற வண்டி. எங்கள் டவுன் பஸ்ஸைவிட நீளம். அண்ணன் தன் புல்லட்டை ரோட்டோரம் தள்ளி, கையைக் காட்டி, அதற்கு வழி விட்டார். வண்டி நேராகத் தோப்பு ரோட்டில் போனது. எந்த மட்டையும் இடிக்கவில்லை, எந்தக் கம்பியும் தடுக்கவில்லை. பொட்டலில் சாவகாசமாகத் திரும்பிக்கொண்டு, காலனிப் பெண்களை நிறைத்துக்கொண்டு வந்தது. ஜன்னலோரத்தில் அவள் பெண் இருந்தாள். கழுத்தில் மில் அடையாள அட்டை. என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை.

அந்த வண்டி இப்போதும் தினமும் வீட்டு வாசல் வரைக்கும் போய் ஏற்றிக்கொண்டு வந்து, ராத்திரி கொண்டுபோய் விடுகிறது. அதன் சீட்டுகளைப் பற்றிப் பேச எங்கள் வாசலில் இன்றுவரை யாரும் சேர் போடவில்லை.